இரவின் இரண்டு முத்திரைகள்

சென்ற வாரம் ஒரு நாள் பிற்பகலில், நம் பழைய சிநேகிதர் ஒருவர் காரியாலயத்துக்கு விஜயம் செய்தார். முப்பது வருஷ காலம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நம் மேஜைமேல் டக்கென்று வைத்தார்.

"இதைப் பாருங்கள், ஸார்! அமெரிக்காவிலிருக்கும் பையன் அனுப்பியது. 'அப்பா, இது விஷமில்லை. நம் சரீரத்திலேயே ஊறுகிற வஸ்துதான். படுத்தவுடன் தூக்கம் வரும்' என்று டெலிபோனில் சத்தியம் செய்தான். ஒரு மாதமாக விழுங்குகிறேன். தூக்கம் வந்தபாடில்லை. எல்லாம் சுத்த மோசம்!"

புட்டியின்மேல் "மெலடோனின், 10 மில்லிகிராம்" என்று அச்சிட்டிருந்தது.

"எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"பதினொரு மணிக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் தூக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். வராவிட்டால் செல்போனை எடுத்து ஒரு மணி வரையில் செய்தி பார்ப்பேன். வேறு என்ன செய்வது?"

நமக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. முந்தின நாள் இரவு ஒரு மணிக்கு நாம் என்ன செய்து கொண்டிருந்தோம் என்பது நமக்கல்லவா தெரியும்?

நித்திரை என்பது ஏழைக்கும் பணக்காரனுக்கும் பகவான் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்த சொத்து என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அந்தச் சொத்தையும் புட்டியில் அடைத்து விற்கும் காலம் வந்துவிட்டது. ஆகையால், அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன, அது சரீரத்தில் எந்த வாசலைத் தட்டுகிறது, தட்டினால் உள்ளேயிருந்து என்ன பதில் வருகிறது என்பதை இந்த வாரம் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று எண்ணுகிறோம். சிநேகிதரின் பிள்ளை பொய் சொல்லவில்லை, மருந்தும் மோசமில்லை. மோசம் வேறிடத்தில் இருக்கிறது.

* * *

மூளையின் நடுவிலே பைன் மரத்துக் காயின் உருவத்தில் ஒரு சின்னஞ்சிறு சுரப்பி இருக்கிறது. பீனியல் சுரப்பி என்று அதற்குப் பெயர். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானியான டெக்கார்ட், ஆத்மாவின் ஆசனம் இதுதான் என்று தீர்ப்புக் கூறினார். அதன் பிறகு வெகுகாலம் வரையில் அந்தச் சுரப்பிக்கு வேறு உத்தியோகம் எதுவும் ஒருவரும் கொடுக்கவில்லை.

1917-ஆம் வருஷத்தில் மக்கார்ட், ஆலன் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் பசுவின் பீனியல் சுரப்பியிலிருந்து எடுத்த சாரத்தைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கறுத்திருந்த தலைப்பிரட்டைகள் வெளுத்துப் போயின! நாற்பது வருஷத்துக்குப் பின்னர், யேல் சர்வகலாசாலையில் தோல் வைத்தியராயிருந்த ஆரன் லெர்னர் இந்தச் சேதியைப் பிடித்துக்கொண்டார். மனிதர் தோலில் வெண்புள்ளி விழுவதற்கு இதிலிருந்து ஏதாவது வழி கிடைக்குமா என்பது அவருடைய யோசனை. கசாப்புக் கூடங்களிலிருந்து ஆயிரமாயிரமாக மாட்டுச் சுரப்பிகளைத் தருவித்து, அரைத்து, வடித்து, 1958-இல் அந்த வஸ்துவைத் தனியே பிரித்தெடுத்தார். தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்னும் பொருளை ஒட்டி, மெலடோனின் என்று நாமகரணமும் செய்தார். வெண்புள்ளிக்கு அது மருந்தாகவில்லை. தோலுக்கு மருந்து தேடப் போனவர் கையில் இரவின் தூதன் அகப்பட்டான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

* * *

இந்தத் தூதனை அனுப்புகிற எஜமான் யார்? இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் இருபதாயிரம் நரம்பு உயிரணுக்கள் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. சரீரத்தின் தலைமைக் கடிகாரம் இதுவே. வெளியில் வெளிச்சம் இருக்கிறதா, இருட்டிவிட்டதா என்ற தகவல் விழித்திரையிலிருந்து இங்கே வந்து சேர்கிறது. இருட்டியதும் கடிகாரம் பீனியல் சுரப்பிக்கு உத்தரவு அனுப்புகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் கொஞ்சந்தான். ஆனால் உத்தரவு நேராகப் போகிற வழக்கமில்லை. முதுகுத்தண்டுக்குள் இறங்கி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாகத் திரும்ப ஏறித்தான் சுரப்பியை அடைகிறது. சர்க்கார் காகிதங்கள் போகும் வழியைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

உத்தரவு கிடைத்ததும் சுரப்பி என்ன செய்கிறது? நாம் உண்ணும் பாலிலும் பருப்பிலும் டிரிப்டோபேன் என்ற சத்து இருக்கிறது. அதிலிருந்து உண்டாகும் ஸெரடோனின் என்னும் பொருள் பகலிலேயே சுரப்பியில் நிறையச் சேர்ந்திருக்கும். இரவு வந்தவுடன் அதற்கு இரண்டு முத்திரைகள் குத்தப்படுகின்றன. ஸெரடோனின் மூலக்கூறை, இரண்டு வளையங்களை ஒட்டிச் செய்த ஒரு சிறு பலகை என்று வைத்துக் கொள்ளுங்கள். பலகையின் ஒரு புறம் ஒரு மூக்கு. மறு புறம் ஒரு வால். முதலில் வாலில் ஒரு முத்திரை. அதற்கு அஸிடைல் என்று பெயர். பிறகு மூக்கில் ஒரு முத்திரை, அது மீதைல். இரண்டும் விழுந்ததும் ஸெரடோனின் மெலடோனினாக மாறிவிடுகிறது. அதில் உள்ள பரமாணுக்கள் மொத்தம் முப்பத்து மூன்றே.

முத்திரை விழுவதால் இன்னொரு மாறுதலும் ஏற்படுகிறது. ஸெரடோனின் தண்ணீரோடு உறவாடுவது. கொழுப்பைக் கடந்து செல்ல அதனால் எளிதில் முடியாது. மெலடோனினோ கொழுப்பில் இழைந்து போகக்கூடியது. உயிரணு ஒவ்வொன்றையும் சுற்றிலும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மதில் போல் இருக்கிறதல்லவா? அந்த மதிலுக்குள் புகுந்து போகும் திறமை இந்தத் தூதனுக்கு வாய்த்துவிடுகிறது. இதை ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் இது உபயோகப்படும்.

* * *

தூதன் எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும், சேதியைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டுமே! அவ்வாறு கேட்கும் புரதத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர். மெலடோனினுக்கு நம் சரீரத்தில் இரண்டு ஏற்பிகள் உண்டு: எம்.டி. 1, எம்.டி. 2. அமெரிக்காவில் ஸ்டீவன் ரெப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1994-இலும் 1995-இலும் இவற்றின் மரபணுக்களைக் கண்டெடுத்தார்கள். எம்.டி. 1 என்பது 350 மணிகள் கோத்த ஒரே மாலை. அந்த மாலை உயிரணுவின் சவ்வை ஊசி நூல் போல ஏழு தரம் ஊடுருவித் தைத்திருக்கிறது. இதே தினுசான ஏற்பிகள் மனித சரீரத்தில் சுமார் எண்ணூறு வகை இருக்கின்றன. வாசனையை அறிவதும், பயத்தில் மார்பு படபடப்பதும் இந்தக் குடும்பத்தின் காரியமே. இவை வேலை செய்யும் விதத்தை விளக்கியதற்காக லெப்கோவிட்ஸ், கோபில்கா என்ற இரு விஞ்ஞானிகள் 2012-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மரபணு தெரிந்துவிட்டது, ஆனால் உருவம் தெரியவில்லை. இந்தப் புரதத்தைச் சவ்விலிருந்து பிரித்தால் குலைந்து போய்விடும். எப்படியோ பக்குவப்படுத்தி ஸ்படிகமாக்கினாலும் ஸ்படிகங்கள் மிகமிகச் சிறியவை. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டுக்கு அருகே ஒரு மாபெரும் எக்ஸ்-கிரண லேஸர் யந்திரம் இருக்கிறது. ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பங்கிட்டால், அதில் சில பங்குகளே நீடிக்கக்கூடிய மின்னல்களை அது எறிகிறது. மின்னல் பட்ட ஸ்படிகம் நாசமாகிவிடும். ஆனால் நாசமாகும் முன்பே படம் விழுந்துவிடும்! இப்படி எண்ணற்ற ஸ்படிகங்களைப் பலியிட்டு, வாடிம் செரெஸாவ் முதலிய விஞ்ஞானிகள் 2019-ஆம் வருஷத்தில் இரண்டு ஏற்பிகளின் உருவத்தையும் வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் நமது சென்னையின் பங்கு ஒன்றையும் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. புரதத்தின் உருவத்தை எவர் எங்கே கண்டுபிடித்தாலும், அந்த மாலையின் ஒவ்வொரு மணியும் நியாயமான கோணத்தில்தான் திரும்பியிருக்கிறதா என்று ஒரு வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். அந்த வரைபடத்தின் பெயர் ராமச்சந்திரன் வரைபடம். சென்னை சர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963-இல் வகுத்தது. ஸ்டான்போர்டு மின்னலில் விழுந்த படமும் கடைசியில் சென்னைக்காரர்கள் போட்ட கட்டத்துக்குள் அடங்கித்தான் தேர்ச்சி பெற வேண்டியிருக்கிறது!

* * *

இனி, படத்தில் கண்ட அதிசயத்துக்கு வருவோம். இந்தக் குடும்பத்து ஏற்பிகள் பலவற்றுக்கு வாசல், வெளிப்புறத்தை நோக்கி, மேலே திறந்திருக்கும். ரத்தத்தில் வரும் தூதன் நேரே தலைவாசலில் நுழைவான். எம்.டி. 1 ஏற்பியிலோ தலைவாசலின்மேல் புரத மாலையின் ஒரு வளைவு மூடி போட்டாற்போல் கவிந்திருக்கிறது. அப்படியானால் மெலடோனின் எந்த வழியாக உள்ளே போகிறது? நான்காவது தூணுக்கும் ஐந்தாவது தூணுக்கும் நடுவே, கொழுப்புச் சவ்வின் பக்கமாக, ஒரு குறுகிய பக்கவாசல் இருக்கிறது! தூதன் முதலில் மதிலுக்குள் கரைந்து, மதிலுக்குள்ளிருந்தபடியே வீட்டுக்குள் நுழைகிறான் என்று விஞ்ஞானிகள் முடிவு கட்டினார்கள். எம்.டி. 2-க்கும் அந்தப் பக்கவாசல் உண்டு. அதோடு மேற்புறத்திலும் ஒரு திறப்பு இருக்கிறது. முன்னால் ஞாபகம் வைத்துக் கொள்ளச் சொன்ன விஷயம் இப்போது விளங்குகிறதல்லவா? முத்திரை குத்தியதனால் கொழுப்போடு கொழுப்பாக இழையும் குணம் வந்தது. அந்தக் குணமே பக்கவாசலுக்கு அனுமதிச் சீட்டு.

உள்ளே ஓர் இடுக்கான அறை. அங்கே தூதனைச் சோதனை போடுகிறார்கள். ஓர் அமினோ அமிலம் பலகையோடு பலகையாக ஒட்டி, வளையங்கள் சரியா என்று பார்க்கிறது. இன்னொன்று மூக்கைத் தொட்டுப் பார்க்கிறது. மூன்றாவது வாலைத் தொட்டுப் பார்க்கிறது. மூக்கிலும் வாலிலும் அவை தேடுவது எதை? பீனியல் சுரப்பி இருட்டில் குத்திய அந்த இரண்டு முத்திரைகள் விழுந்த இடத்தையேதான்! பகலெல்லாம் நிறைந்து கிடக்கும் ஸெரடோனின் இங்கே வந்தாலும் செல்லாது. பலகை அதே பலகைதான். ஆனால் முத்திரை இல்லை. "இரவு வந்துவிட்டது" என்ற ஒரு சேதியை, அதைப்போலவே தோன்றும் வேறொரு சேதியோடு கலந்துவிடாமல் படித்துக் கொள்ள இயற்கை செய்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

சோதனை தேறிவிட்டால் தூண்கள் சற்று அசைகின்றன. அந்த அசைவு உயிரணுவுக்குள்ளே காத்திருக்கும் வேறொரு புரதத்துக்குச் சைகையாகிறது. உயிரணுவைச் சுறுசுறுப்பாக்கும் ஒரு ரசாயனப் பொருளின் உற்பத்தி குறைகிறது. தலைமைக் கடிகாரத்திலுள்ள உயிரணுக்களின் பரபரப்பு அடங்குகிறது. கடிகாரத்தின் முள்ளும் கொஞ்சம் நகர்த்தி வைக்கப்படுகிறது. இவ்வளவுதான் நடக்கிறது. யாரும் யாரையும் அடித்துப் படுக்க வைப்பதில்லை.

* * *

மருந்து செய்கிறவர்கள் இந்தச் சோதனை அறையை நன்றாகப் படித்திருக்கிறார்கள். 2005-இல் அமெரிக்காவில் அநுமதி பெற்ற ராமெல்டியான் என்ற தூக்க மருந்தில் நடுப் பலகை வேறு; ஆனால் மூக்கிலும் வாலிலும் தொட்டுப் பார்க்க வேண்டியவை அப்படியே இருக்கின்றன. ஆகையால் ஏற்பி அதை ஏற்றுக் கொள்கிறது; மெலடோனினைவிட இறுக்கமாகவே பற்றிக் கொள்கிறது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு வழங்கும் அகோமெலடீனும் இப்படித்தான்: பலகை புதிது, முத்திரைகள் பழையவை. 2020-இல் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அறையின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, பதினைந்து கோடிக்கு மேற்பட்ட கற்பனை மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். அவற்றில் முப்பத்தெட்டை மட்டும் தேர்ந்தெடுத்து நிஜமாகவே செய்து சோதித்தார்கள். எம்.டி. 1-ஐ மாத்திரம் பிடித்து எலிகளின் கடிகாரத்தை நகர்த்தக்கூடிய புது மூலக்கூறுகள் கிடைத்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பழைய தூக்க மாத்திரைகள் பல இந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை. பென்ஸோடயஸிபின் வகையும் ஸோல்பிடெமும் காபா என்னும் வேறொரு ஏற்பியில் போய் வேலை செய்கின்றன. அவை மூளையின் நடமாட்டத்தையே மந்தப்படுத்துகின்றன. பழக்கமாகவும் பிடித்துக் கொள்கின்றன. வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவதும் அபாயம். "தூக்க மாத்திரை" என்று ஒரே பெயரில் அழைப்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

மெலடோனின் தூக்க மருந்தே அல்ல என்பதற்கு எலிகளைவிட நல்ல சாட்சி இல்லை. எலிக்கும் இந்த ஹார்மோன் இரவில்தான் சுரக்கிறது. ஆனால் எலி இரவில் தூங்குகிறதா? நம் வீட்டுப் பரணைக் கேட்டால் சொல்லும்! ஆகவே, இந்தத் தூதன் கொண்டு வருவது "தூங்கு" என்ற கட்டளையல்ல. "இருட்டிவிட்டது" என்ற தகவல் மாத்திரமே. தகவலைக் கேட்டு மனிதன் படுக்கையை விரிக்கிறான். எலி உரியைத் தேடிப் புறப்படுகிறது.

தகவல் மட்டும் போதுமா, அதனால் என்ன பெரிய லாபம் என்று கேட்பவர்கள், முற்றிலும் பார்வை இழந்தவர்களைக் கேட்க வேண்டும். ஒளியே உட்புகாத கண்களை உடையவர்களில் பலருக்குத் தலைமைக் கடிகாரம் இருபத்து நான்கு மணியைத் தாண்டி ஓடுகிறது. இன்று பத்து மணிக்கு வந்த தூக்கம் சில தினங்களில் நள்ளிரவுக்குப் போய், பிறகு விடியற்காலைக்குப் போய், கடைசியில் நடுப்பகலில் வந்து நிற்கும். உலகம் விழித்திருக்கும்போது உறக்கம். உலகம் உறங்கும்போது விழிப்பு. உத்தியோகமும் குடும்பமும் என்ன ஆவது? 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்க வைத்தியர்கள் இத்தகைய ஏழு பேருக்குத் தினமும் படுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் மெலடோனின் கொடுத்து வந்தார்கள். ஆறு பேரின் கடிகாரம் உலகத்தின் கடிகாரத்தோடு இணைந்து ஓடத் தொடங்கியது. இதே ஏற்பிகளைத் தட்டும் டாஸிமெல்டியான் என்ற மருந்து, 2014-இல் இந்த வியாதிக்கென்றே அங்கீகாரம் பெற்றது. கண் கொண்டு வராத சேதியை மாத்திரை கொண்டு வந்தது. அதைக் கேட்கச் செவி திறந்திருந்தது. பொய்யென்று சொல்ல எதிர்ச் சாட்சி இல்லை.

* * *

நம் சிநேகிதருக்கோ எதிர்ச் சாட்சி இருந்தது. 1980-இலேயே ஆல்பிரட் லூவி என்பவரும் அவருடைய சகாக்களும், இரவில் மனிதர் கண்ணில் பிரகாசமான வெளிச்சத்தைப் பாய்ச்சினால் மெலடோனின் சுரப்பது அடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். பதினொரு மணிக்கு மாத்திரை "இரவு" என்று சொல்கிறது. பதினொன்றே காலுக்கு முகத்துக்கு நேரே செல்போன் "இல்லை, பகல்" என்று சொல்கிறது. கடிகாரம் எந்தச் சாட்சியை நம்பும்?

நேரமும் முக்கியம். மாலையில் தரும் மெலடோனின் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். காலையில் தந்தால் பின்னுக்குத் தள்ளும். அளவும் முக்கியம். ஓர் இரவு முழுவதும் பீனியல் சுரப்பி தயாரிப்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. வாய் வழியாகப் போவதில் பெரும்பாகத்தை ஈரல் அழித்துவிடும் என்றாலும், பத்து மில்லிகிராம் என்பது காதருகே வந்து மெல்லச் சொல்ல வேண்டிய சேதியைத் தமுக்கடித்துச் சொல்வது போலத்தான். பலனோ? பத்தொன்பது பரிசோதனைகளைத் தொகுத்து 2013-இல் கணக்கிட்டபோது, தூக்கம் வரச் சராசரி ஏழு நிமிஷம் முந்துகிறது என்று தெரிந்தது.

புட்டியில் எழுதியிருப்பதையாவது நம்பலாமா? கானடா தேசத்தில் கடைகளில் வாங்கிய முப்பத்தொரு தினுசு மெலடோனின் சரக்கைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். சீட்டில் கண்ட அளவைவிட 83 சதவிகிதம் குறைந்தது முதல் 478 சதவிகிதம் மிகுந்தது வரையில் இருந்ததாம்! மிட்டாய் போல் செய்து விற்பதனால் வேறொரு விபரீதமும் உண்டு. குழந்தைகள் இதை எடுத்துத் தின்றுவிட்டதாக அமெரிக்க விஷ முறிவு நிலையங்களுக்கு வந்த தகவல்கள் 2012-இல் 8,337, 2021-இல் 52,563. வீட்டில் இந்தப் புட்டி இருந்தால், குழந்தையின் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

இவ்வளவையும் நம் சிநேகிதருக்கு விஸ்தாரமாகச் சொன்னோம். கணக்கு வாத்தியார் அல்லவா? ஏழு நிமிஷம் என்றதும் உடனே கணக்குப் போட்டார்.

"மாத்திரையால் லாபம் ஏழு நிமிஷம், செல்போனால் நஷ்டம் இரண்டு மணி. ஆக, நிகர நஷ்டம் நூற்றுப் பதின்மூன்று நிமிஷம். சரிதானே, ஸார்?"

"சரிதான்" என்றோம். வைத்தியரைப் பார்த்து யோசனை கேட்கும்படியும், ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கைத் தணித்துச் செல்போனைக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னோம். முப்பத்து மூன்று பரமாணுக்களைக் கொண்டு இயற்கை இவ்வளவு ஜாக்கிரதையாக முத்திரையிட்டு அனுப்பும் கடிதத்தை, பிரிப்பதற்கு முன்பே நாம் கிழித்தெறியலாமா?

அவர் புட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரையில் போனவர் திரும்பிப் பார்த்து, "அது இருக்கட்டும், ஸார், உங்கள் செல்போன் ராத்திரி எங்கே இருக்கும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதிலை அடுத்த வாரம் சொல்வதாக உத்தேசித்திருக்கிறோம்.